நிலுவை

ஏழு மைலுக்கு முன்பே தெரிந்துவிட்டது.
கோதுமைக்கு மேலே இரண்டு கோபுரம்,
ஒன்று கொஞ்சம் குட்டை.
கான்ஸாஸின் இந்த மூலையில்
வேறு எது நிமிர்ந்து நிற்கிறது?
தானியக் குதிர், தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான்.

மூன்று பங்குகளை ஒன்றாக்கப் போகிறார்கள்.
மேற்றிராசனம் கொடுத்த படிவத்தோடு
விச்சிட்டாவிலிருந்து வந்தேன்,
அளக்க, படமெடுக்க, விலை போட.
சாவி வைத்திருந்த லீராய் ஃபான்னென்ஸ்டீல்
அறுவடை இயந்திரத்தை அணைக்காமலே இறங்கி வந்தார்.
"நாற்பது பேர் வருகிறோம் பூசைக்கு.
குளிர்காலத்தில் மாதம் மூவாயிரம் டாலர்.
எங்களைவிடச் சுவர்தான் அதிகம் குளிர்காய்கிறது."

உள்ளே
அரைவட்ட வளைவுகள்
ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டு
பீடம்வரை போயின.
தூண் பன்னிரண்டு. தட்டிப் பார்த்தேன்:
ஒன்பது கல்.
மூன்று மரம், பளிங்குபோல் வண்ணம் பூசியது,
கோழியிறகால் நரம்பு வரைந்து.
சாளரத்தில் புனித வென்டலின்;
அவர் காலடி ஆட்டுக்குட்டியின் முகத்தில் மட்டும்
ஆலங்கட்டி விழுந்த விரிசல்.

எறும்பூரக் கல்லும் தேயும் என்போம் நாம்.
இது வேறு கல்.
மண்ணுக்குள் கிடக்கும்வரை ரம்பத்துக்கு இணங்கும்,
வெளியே வந்து காற்றுப் பட்டால் இறுகும்.
வோல்கா ஆற்றங்கரை விட்டு வந்த ஜனங்களையும்
இந்த வெட்டவெளி அப்படித்தான்
என்று எழுதி, அடித்துவிட்டேன்.
படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

பூசை உடுப்பு அலமாரியில் ஒரு கணக்குப் புத்தகம்.
1908. குடும்பத்துக்கு ஆறு வண்டிக் கல்.
ஜெர்மன் எழுத்து எனக்கு வராது;
எண் எல்லா ஊரிலும் எண்தான்.
ஆறு, ஆறு, ஆறு என்று இறங்கி வந்த பத்தியில்
ஒரு வரி முழுக்கக் கோடுகள்,
ஐந்தைந்தாய்க் கட்டி.
ஓரத்தில் லீராயின் மகள் பென்சிலால் பெயர்த்திருந்தாள்:
அப்போலோனியா கீப்லர். விதவை.
குதிரையும் இல்லை, வண்டியும் இல்லை.
கைத்தள்ளுவண்டி இருபத்துநான்கு, ஒரு வண்டிக்குச் சமம்.

அப்படியானால் நூற்று நாற்பத்துநான்கு நடை.
எண்ணினேன்.
இருபத்தாறு கட்டு, ஓர் ஒற்றைக் கோடு.
நூற்று முப்பத்தொன்று.
அதற்குப் பிறகு வெள்ளைத்தாள்.

கல்வெட்டுக்குழி மூன்று மைல்.
போக மூன்று, வர மூன்று.
கைபேசி சொன்னது:
எண்ணூறு மைலுக்குப் பதினாலு குறைவு.
செத்தாளா, மறுமணமா, கோபமா,
வண்டிச் சக்கரம் உடைந்ததா?
"தெரியாது" என்றார் லீராய்.
"கீப்லர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை."

லேசர் வைத்து அளந்ததில்
வடக்குக் கோபுரம் ஒன்பது அடி குறைவு.
பதின்மூன்று தள்ளுவண்டிக் கல்
ஒன்பது அடி கோபுரம் ஆகாது.
ஆகுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்தான்,
வெட்கத்தோடு.
"கல்மழையில் ஒரு வருஷ விளைச்சல் போனது,
காசு தீர்ந்தது" என்றார் அவர்,
கதவைப் பார்த்தபடி.
வெளியே இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

அவள் கல் எது என்று சுவர் சொல்லவில்லை.
எல்லாக் கல்லிலும் குறுக்கே ஒரு துருக்கோடு,
எல்லாம் தேன் நிறம்,
எல்லாம் கையளவுக்கு மிஞ்சிய கனம்.

மறுபடி கட்ட ஆகும் செலவைச் சொன்னேன்.
லீராய் சிரித்தார்: "அதற்கு இந்த வட்டாரத்தையே வாங்கலாம்."
பூட்டிவிட்டுக் கோதுமைக்குப் போனார்.

காருக்குள் உட்கார்ந்து மிச்சத்தை நிரப்பினேன்.
கட்டடத்தின் வயது. கூரையின் நிலை.
தீர்க்கப்படாத நிலுவை ஏதேனும் உண்டா?
உண்டு.
கல், பதின்மூன்று தள்ளுவண்டி.

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள்.