நூற்று மூன்றாம் இடம்

மொகோத்லோங் மருத்துவமனைக்கு
ஏழு வாரம் கழித்து வந்தது தாள்.
மாபலேசாவின் விரல்நுனியிலிருந்து
அட்டையில் காய்ந்த ஐந்து பொட்டு இரத்தம்
மலையிறங்கி, எல்லை தாண்டி,
யாரோ எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்து
ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தது.

நூற்று மூன்றாம் இடத்தில்
கே இருந்திருக்க வேண்டும்.
என் இருந்தது.

இந்தத் தாள்கள் எனக்குப் பழக்கம்.
மருந்தைப் பார்த்திராத கிருமி
அந்த எழுத்தை அநேகமாகத் தொடாது.
விட்டு விட்டு விழுங்கிய மருந்தில்
சாகாமல் தப்பியதுதான்
இப்படித் திருத்தி எழுதிக்கொள்ளும்.

இவளோ
தலைவலிக்குக்கூட மாத்திரை கேட்காதவள்.
நோய் இருப்பதே மே மாதம்தான் தெரியும்.
முதல் மாத்திரைக்கு முன்பே எடுத்த இரத்தம் இது.

என் என்று வாசிக்கிறேன்.
யாருடைய என்?

"நான் சாப்பிடாத மருந்து
என் கிருமிக்கு எப்படித் தெரியும்?"
அவளே கேட்டுவிட்டாள்.
போர்வை ஊசியைத் திருகிக்கொண்டே.

வந்த வழியில் தெரிந்துகொண்டிருக்கும், என்றேன்.
அதற்குமேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
அதற்குமேல் சொல்ல எனக்குத் தெரியவும் தெரியாது.
தாளில் எழுத்துதான் உண்டு, ஆள் இல்லை.

அவள் சுவரைப் பார்த்தாள்.
சுவரில் கைகழுவும் படம்.

பிறகு, என்னிடம் இல்லை, படத்திடம்:
செகோன்யானாவின் கைபேசி
இரவு ஒன்பதுக்கு அடிக்கும்.
குதிரையைப் பார்த்து வருகிறேன் என்பான்.
குதிரைக்கு ஒன்பது மணிக்கு என்ன இருக்கிறது?
சேணப் பையை யாரும் தொடக்கூடாது.
விடியுமுன் தூக்கத்தில் கத்துவான்.
சுரங்கம் சரிகிறது போல என்று நினைத்து
முதுகைத் தடவிக்கொடுப்பேன்.

(அந்தப் பழைய மாத்திரை
கனவுகளைக் கிளப்பிவிடும்.
நான் வாய் திறக்கவில்லை.)

சுரங்கத்தில் ஆள் குறைத்து அனுப்பிய வருடம்
குளிர்காலம் முழுக்க வீட்டில் இருந்தான்.
கதவு திறக்க முடியாத பனி.
மணி அடிக்கும். அணைப்பான்.
படுத்தே கிடப்பான்.
"அந்த இரவுகளில் கத்தவில்லை.
நிம்மதியாகத் தூங்குகிறான் என்று
நான் சந்தோஷப்பட்டேன், அம்மா."

அறையில் ஸ்டெரிலைசர் மட்டும் கொதித்தது.

என்னிடம் மறைக்க எழுந்து போனான்,
போக முடியாதபோது விட்டான்,
விட்டதுதான் எனக்கு வந்தது. அப்படித்தானே?

அப்படி இருக்கலாம், என்றேன்.
வேறு எப்படியும் இருக்கலாம், என்றேன்.
இரண்டும் உண்மை.
செத்தவனின் இரத்தத்தை
யாரும் அட்டையில் பொட்டு வைத்து அனுப்பவில்லை.

எத்தனை பனியிரவு ஆகும், ஒரு எழுத்து மாற?
சோதனை இரவுகளை எண்ணுவதில்லை.
அவள் எண்ணினாள். விரல்கள் மடிந்தன,
ஒரு கை, இன்னொரு கை,
மறுபடி முதல் கை.
பாதியில் விட்டுவிட்டாள்.

நல்ல சேதியும் இருந்தது, சொன்னேன்:
இப்போது தரும் மருந்து வேறு.
இந்த நூற்று மூன்று அதைத் தடுக்காது.
"அப்படியானால் இந்தத் தாளால் என்ன பயன்?"
சிகிச்சைக்கு, பெரிதாக ஒன்றும் இல்லை.
அவள் சிரித்தாள். சட்டென்று, கோபமாக,
இருமல் வரும்வரை.

எழுத்து அழியுமா?
அழியாது. எங்காவது உறங்கும்.
உறங்கட்டும், என்றாள்,
அவனும் அதைத்தானே செய்தான்.

முதல் புட்டியை நீட்டினேன்.
தொண்ணூறு மாத்திரை, மூன்று மாதத்துக்கு.
மூடியைத் திறந்தாள்.
மாத்திரைகள் குலுங்காமல் இருக்க
வாயில் அடைத்திருந்த பஞ்சை
இரண்டு விரலால் இழுத்தெடுத்து
என் மேசையில் வைத்தாள்.

ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.
கேட்கிறது, என்றாள்.

கோவேறு கழுதை இறங்கிய பாதையில்
கடைசி வளைவு வரைக்கும்
அந்தக் கலகல எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.
மேசையில் பஞ்சு.
அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தார்.