ஒன்பது அங்குலம்

டிப்ஸ்டிக்கை வலைநூலால் கட்டியிருந்தான் நிஃமத்துல்லா.
மூன்று சுற்று, ஒரு முடிச்சு.
"கட்டாட்டி கந்தளாய் ஏத்தத்தில துள்ளி வெளிய வந்திருது."

பின் சீல் மூன்று தரம் மாற்றியாயிற்று.
தம்பலகாமத்தில் ஒருவன், கிண்ணியாவில் இருவர்.
மூவரும் ஒழுகிய இடத்தைத்தான் பார்த்தார்கள்.

உட்துறைமுக வீதி, மத்தியானம்.
கடல் பக்கத்தில்தான், காற்று இல்லை.
எஞ்சினைச் சூடாக்கி, ஒயில் மூடியைக் கழற்றி
அதே வாயில் கவிழ்த்து வைத்தேன்.
சோற்றுப் பானை மூடிபோல் அடித்துக்கொண்டது,
பிறகு பறந்துபோய் பட்டரிக்குப் பின்னால் விழுந்தது.

"எஞ்சின் முடிஞ்சுதா?"
"பொறு."

மூடி ஆடுவதை வைத்தே தீர்ப்புச் சொல்கிறவர்கள் உண்டு.
பிஸ்டனைத் தாண்டி நழுவுகிற காற்று
புது எஞ்சினிலும் கொஞ்சம் இருக்கும்.
போக வழியிருந்தால் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.
நான் முதலில் வழியைத் தேடுவேன்.

பிரீதர் ஹோஸுக்குள் குளவிக்கூடு என்றுதான் நினைத்தேன்.
குறட்டில் வந்தது தக்கை.
பொலித்தீன் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டி,
நடுவில் ஆணியளவு ஒரு துளை:
புகையும் வெளியே தெரியக்கூடாது,
விற்கும்வரை வெடிக்கவும் கூடாது.
அளந்து வெட்டிய கை.

"குருநாகல்ல வாங்கினது. ஏழு மாசம்.
ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாங்க, புகை பொட்டும் இல்ல."

அந்தத் தக்கையை எவ்வளவு சரிவாய்ச் சீவவேண்டும் என்று
எனக்குத் தெரியும்.
எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை.

திறந்த ஹோஸில் வெள்ளைப் புகை, விட்டு விட்டு,
ஆறுக்கு ஒன்று தடித்து.

பக்கத்து வளவில் வீடு கட்டுகிறார்கள்.
மேசன் புவிராஜிடம் மட்டக்குழாய் வாங்கினேன்.
தண்ணீர் கண்ணுக்குத் தெரியவேண்டுமே. கடையில் ஒரு நெக்டோ.
பாதி டிலக்சனின் வயிற்றுக்குள், பாதி குழாய்க்குள்.
பலகையில் தொங்கும் மாலைபோல் வளைத்து ஆணியடித்து
ஒரு முனையை டிப்ஸ்டிக் துளையில் செருகினேன்.
நடுவில் தையல் டேப்.

சிவப்பு ஏறியது. ஒன்பது அங்குலம்.

பிரேக்குக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரின் குழாயைக் கழற்றினேன்:
ஒன்பது.
டர்போவிலிருந்து ஒயில் திரும்பும் குழாயை
வாளிக்குள் விட்டுத் துளையை அடைத்தேன்:
எட்டரை.
அவன் கொஞ்சம் நிமிர்ந்தான்.
அரை அங்குலத்தையும் மனிதர் நம்புவார்கள்.

பிறகு இன்ஜெக்டர் நட்டுகள்.
முதலாவதைத் தளர்த்த எஞ்சின் நொண்டியது,
சிவப்பு அசையவில்லை.
இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே.
நாலாவதுக்கு
மூன்று அங்குலமாய் இறங்கி நின்றது.

ஐந்தையும் ஆறையும் பார்க்கத் தேவையில்லை.
அவன் முகத்தைப் பார்க்காமலிருக்கப் பார்த்தேன்.

"ரிங்கா?"
"ரிங். லைனரும் கீறியிருக்கும். திறந்தாத்தான் தெரியும்."

தொகையைச் சொன்னேன்.
மணல் பெர்மிட் நின்று இரண்டு மாதம்,
லீசிங்காரன் வெள்ளிக்கிழமை வருகிறான்.
அவன் கணக்குப் பார்க்கவில்லை,
வரும்போதே பார்த்து வைத்திருந்தான்.

மட்கார்ட்டில் கிடந்த தக்கையை எடுத்து மணந்தான்.
"மூதூர்ல ஒருத்தர் லொறி கேட்டவர்," என்றான்
டயரிடம்.

டிலக்சன் துடைத்த ஸ்பானரையே துடைத்துக்கொண்டிருந்தான்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
வாசலில் சிந்திய நெக்டோவை நக்கியது.

பில் எழுதினேன்.
பிரீதர் அடைப்பு அகற்றப்பட்டது.
நாலாம் சிலிண்டரில் அழுத்தக் கசிவு.

"இதெல்லாம் எழுதத்தான் வேணுமா, பாஸ்?"

காபன் தாளுக்குக் கீழே
அதற்குள் இறங்கிவிட்டிருந்தது.

மேல்தாளை மடித்தான். தக்கையோடு சேர்த்து
சட்டைப் பையில் போட்டான்.
புகைவிட்டபடி லொறி சீனன்குடாப் பக்கம் திரும்பியது.
கிண்ணியாப் பாலத்துக்கு முன்னால்
ஓரங்கட்ட இடம் நிறைய உண்டு.

குழாயைக் கழுவிப் புவிராஜிடம் கொடுத்தேன்.
ஒட்டுது என்று திட்டினான்.
நாளைக்கு எறும்புதான் மட்டம் பார்க்கும் என்றான்.