குழாயை மூடாதே

செந்தூலில், ரயில் பாலத்துக்குக் கீழே
ஒரு சாப்பாட்டுக் கடை.
பொட்டலத்துக்காக நின்றிருந்தேன்,
ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு.
உள்ளே எண்ணெய்ச் சட்டி சரிந்தது.
முதலில் கேட்டது இரும்பின் சத்தம்.
அலறல் பிறகுதான் வந்தது,
அடுத்த தெருவில் யாரோ அலறுவது போல.

கோகிலவாணி என்று கூப்பிட்டார்கள்.
வலது கை, முழங்கையிலிருந்து விரல்வரை.

முதலாளி பற்பசையோடு ஓடி வந்தார்.
கல்லாவிலிருந்த அக்கா
"கிச்சாப் ஊத்துங்க, கிச்சாப்" என்றார்.
ரொட்டி போடும் பையன்
ஐஸ் வாளியையே தூக்கிவிட்டான்.
எல்லாம் அன்புதான்.
எல்லாவற்றையும் தோளால் இடித்துவிட்டு
பின்கட்டுக் குழாயடிக்கு அவளை நடத்திப் போனேன்.

எனக்கு என்ன தெரியும்?
ஷா ஆலாம் தொழிற்சாலையில் இருந்தபோது
அரைநாள் முதலுதவி வகுப்பு;
நாசி லெமாக் இலவசம் என்று போய்
பாதி நேரம் தூங்கினேன்.
நடத்திய தாதி மேசையைத் தட்டிய தட்டில்
விழித்தபோது காதில் விழுந்தது இதுதான்:
"ஓடுற தண்ணி. இருபது நிமிஷம்.
போதும்னு தோணும். போதாது."

மாடித்தொட்டி வெயிலில் காய்ந்து
முதலில் வெந்நீர் வந்தது.
என் கையை நீட்டிக் காத்திருந்தேன்,
ஆறியதும் அவள் கையை வைத்தேன்.

மோதிரம்.
"வீங்கிடும், கழட்டணும்."
"கழட்டுனதே இல்ல," என்றாள்.
வேறு எதுவும் சொல்லவில்லை.
தண்ணீர்தான் மெல்ல வழுக்கிக் கொடுத்தது.
தொலையாமலிருக்க
ஹெல்மெட்டுக்குள் போட்டேன்.

சட்டைத் துணி தோலோடு ஒட்டிய இடத்தை
அப்படியே விட்டுவிட்டு
சுற்றிலும் கத்தரித்தார் அக்கா.
முதலாளி மூன்று ஒன்பதை அழுத்தினார்,
இரண்டு தடவை தப்பாக.

நாலாம் நிமிடம் என் போன் துடித்தது:
அண்ணே எங்க இருக்கீங்க?
மோண்ட் கியாராவில் யாருக்கோ பசி.
ஒன்பதாம் நிமிடம் ஆர்டர் ரத்து.
பதினொன்றில் "குளிருது" என்றாள்,
தார் உருகும் மதியத்தில்.
மேசை விரிப்பைத் தோளில் போர்த்தினோம்,
கை மட்டும் நீரில்.
கொப்புளம் ஒன்று
நாங்கள் பார்த்திருக்கவே எழும்பியது.
பையன் விரல் நீட்டினான். "தொடாதடா."
பதினாறில் முதலாளி குழாயை மூட வந்தார்.
"போதுமே தம்பி?"
எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மீன்கறி மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்;
முதல் சுற்றை உருவி எறிந்துவிட்டு
நீளவாக்கில், இறுக்காமல்,
தூங்கும் பிள்ளைக்குத் துணி விரிப்பது போல.
அதற்குள் சைரன்.

ஜாலான் ஈப்போ சிக்னலில்
ஹெல்மெட்டுக்குள் நெற்றியில் ஏதோ உறுத்தியது.

வண்டியைத் திருப்பினேன்.
பெரிய ஆஸ்பத்திரி முகப்பில்
கணினிக்கு முன்னிருந்த பெண் கேட்டாள்:
பேஷண்டின் முழுப்பெயர்? அப்பா பெயர்?
நீங்கள் என்ன உறவு?

நனைந்த சட்டையோடு நின்றேன்,
உள்ளங்கையில் மோதிரம்.
இதைக் கொண்டுபோய்ச் சேர்க்க
எந்த ஆப்பிலும் ஆர்டர் இல்லை.