எனில்

லோஃபோட்டனில் பிப்ரவரிப் பகல்
வந்தும் கோட்டைக் கழற்றாத விருந்தாளி.
இருக்கிற வெளிச்சத்துக்குள்
பூடோவிலிருந்து போனில் கேட்கிறான்
இரும்புத் தொப்பி செய்கிறவன்:
"உச்சியில் என்ன கோணம்?"

காட்மீன் காயப்போடும் சட்டம்.
ஒரே நாளில், ஒரே அளவுகோல் வைத்து
நானும் எய்லிஃப்பும் ஆளுக்கொன்றாய் அறுத்த
ஆறு மீட்டர்க் கழிகள் இரண்டு
தலையோடு தலை முட்டி நிற்கின்றன.
முட்டிய இடத்தில் கயிறு,
கயிற்றின் மேல் பனிக்கட்டி,
பனிக்கட்டி மேல் ஒரு கடற்காகம்,
இறங்குவதாய் இல்லை.

ஏணி வழுக்கும் என்றேன்.
மகள் யோருன்னின் பையிலிருந்து எடுத்த
பிளாஸ்டிக் கோணமானி, மூலையில் பல்தடம்.
என் கழியின் காலடியில் வைத்துக்
குப்புறப் படுத்தேன் பனியில்.
அறுபத்தெட்டு.
இரு பக்கங்கள் சமம் எனில்
அடிக்கோணங்களும் சமம்.
அந்தப் பக்கமும் அறுபத்தெட்டு.
கூட்டு; நூற்றெண்பதில் கழி;
மிச்சம் நாற்பத்து நான்கு.
ஏறாமலே தொட்டுவிட்டேன் உச்சியை.

எண்ணை அழுத்தப் போனேன்.
"பொறு ரக்னி."
தன் கழிக்கருகே மண்டியிட்டிருந்தான் எய்லிஃப்.
"இங்கே அறுபத்து நான்கு."

கண்ணாடியைத் துடை என்றேன்.
துடைத்தான். அறுபத்து நான்கு.
நானே போய்ப் பார்த்தேன். அதுவே.
"நிமிர்ந்து நிற்பதுதான் குட்டை.
நிமிர்ந்து நிற்பது உன்னுடையது.
ரம்பத்தை எங்கே வைத்தாய்?"

பாதிப் பாதி பங்கு எங்களுக்கு,
படகில், டீசலில், கடனில்.
நான்கு பாகை போதும்
பதினோரு வருஷத்தைத் திரும்ப எண்ணிப் பார்க்க.

மண்வெட்டி எடுத்தேன், கோபத்தில்.
பனிக்குக் கீழே கருமண்.
கருமண்ணுக்குள்
நான் அறுத்த கழி இன்னும் போய்க்கொண்டிருந்தது,
ஏறக்குறைய ஒரு சாண்.
போன வாரத்து இளக்கத்தில்
சத்தமில்லாமல் இறங்கியிருக்கிறது.

நெம்பினோம்.
அடியில் ஒரு தட்டைக்கல் தள்ளினோம்.
கடற்காகம் அப்போதுதான் பறந்தது.
அறுபத்தாறு என்றேன்.
அறுபத்தாறு என்றான்,
ஜெயித்த குரலும் இல்லை அது,
மன்னிப்புக் கேட்ட குரலும் இல்லை.

உச்சி நாற்பத்தெட்டு.
சாய்ந்து நின்றபோதும் அதேதான்,
அறுபத்தெட்டையும் அறுபத்து நான்கையும் கூட்டிப் பார்.
கட்டிய இடம் அசையவே இல்லை.
பள்ளியில் நான் சடசடவென்று
தாண்டிப் போன சொல்தான்
மண்ணுக்குள் இறங்கிக் கிடந்தது.

பூடோவுக்குச் சொன்னேன்.
"ஏறி அளந்தீர்களா?"
இல்லை,
தோண்டி அளந்தோம்.