பதினோராவது வரி

பிர்னோ நகரில், ஸ்விதாவா ஆற்றோரம்,
முன்பு கம்பளி நெய்த ஆலையின் மூன்றாம் மாடியில்
சாகப்போகிறவர்களுக்குப் பேச்சு எழுதுவது என் வேலை.

கதாநாயகனுக்கு எழுத வேறு ஆள்.
அவனுக்குச் சாம்பல் அங்கி, கையுறைக்குள் கத்தி,
கொல்லுமுன் ஒரு வாக்கியம், கொன்றபின் ஒன்று,
இரண்டிலும் நீதி என்ற சொல் வந்துவிடும்.
எனக்கு வாயிற்காவலர்கள்.
ஆளுக்குப் பத்து வரி போதும்,
அதற்குமேல் எவனும் உயிரோடு இருப்பதில்லை
என்றார் ஹினெக்.

எழுதினேன்:
குளிர் காலுறையைத் தாண்டி வருகிறது.
வாரக்கூலி இன்னும் வரவில்லை.
சின்னவளுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்குமா?

மூன்றாவதை வெட்டச் சொன்னார்கள்.
ஆடுகிறவன் கை தயங்குமாம்.
தயங்கட்டுமே என்றேன்.
பிறகு அவர்களே விட்டுவிட்டார்கள்,
எப்படியும் யார் கேட்கப் போகிறார்கள் என்று.

குழந்தைமேல் கத்தி பாயாது.
சந்தைக்காரியைக் கொன்றால் திரை சிவக்கும், மதிப்பெண் குறையும்.
காவலனைக் கொன்றால் ஒன்றுமில்லை.
இதை முடிவுசெய்ய ஒரு செவ்வாய்க்கிழமை முழுவதும் பேசினோம்.
அறம் பற்றி எங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஒரே ஆவணம்
நாலு நிரல் உள்ள அந்த அட்டவணை.

கொல்லவேண்டியவர் பட்டியலில்
அத்தனை பேரும் கொடியவர்கள்:
அடிமை விற்றவன், கிணற்றில் நஞ்சு கலந்தவன்.
பட்டியலை எழுதியதும் நாங்கள்தான்.
குற்றத்தை யோசித்து, ஒரு முகத்தில் ஒட்டி,
பிறகு அதற்கு ஆள் அனுப்புகிறோம்.

சாவுகளை நடித்துக் கொடுத்தவர் போர்ஷிவோய்.
ஐம்பத்தாறு வயது, முன்பு டிராம் ஓட்டியவர்.
உடம்பெங்கும் வெள்ளைப் பொத்தான்கள் ஒட்டிக்கொண்டு
இருநூற்றுப் பதினான்கு முறை மெத்தையில் விழுந்தார்.
முதுகில் குத்து. கழுத்தில் குத்து.
கூரையிலிருந்து குதித்து வரும் குத்து.
ஒவ்வொரு முறையும் எழுந்து, முழங்காலைத் தேய்த்தபடி,
"சரியாகச் செத்தேனா?" என்பார்.
ஆடுகிறவனுக்கு உயிர் எத்தனை வேண்டுமானாலும் உண்டு.
இவருக்கு மெய் ஒன்றுதான்,
அதிலும் மூட்டுவலி.

ஆட்டம் வெளியான மூன்றாம் வாரம்
ஓட்டகர் எண்களைக் கொண்டுவந்தான்.
வடக்கு வாயிற்காவலனின் சராசரி ஆயுள் நான்கு நொடி.
என் முதல் வரி ஐந்து நொடி.
குளிர் காலுறையைத்
அவ்வளவுதான் உலகம் கேட்டது.

ஒரே ஒருவர்,
எந்த ஊரோ, யாரோ,
காவலன் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில்
கத்தியை வெளியே எடுத்து
நாற்பத்தொரு நிமிடம் நின்றிருக்கிறார்.
பத்து வரியும் முடிந்து, முதலிலிருந்து தொடங்கி,
அந்தக் காய்ச்சல் பதினேழு தடவை விசாரிக்கப்பட்டு,
பிறகு ஆட்டத்தை மூடிவிட்டார்.
திரும்பி வரவில்லை.

"சாப்பிடப் போயிருப்பான்" என்றான் ஓட்டகர்.
"தூங்கியிருப்பான்."
இருக்கலாம்.
ஹினெக் அந்த எண்ணை நீக்கச் சொன்னார்,
சராசரியைக் கெடுக்கிறதாம்.
நீக்கினார்கள்.

அடுத்த திருத்தத்தில்
யாரிடமும் சொல்லாமல் ஒரு வரி சேர்த்தேன்.
நாற்பது நிமிடம் நின்றால்தான் வரும்.
காவலன் திரும்பாமலே பேசுவான்:
"நிற்பதானால் நில், அப்பா.
விடிந்ததும் எனக்கு மாற்றாள் வந்துவிடுவான்."

அந்த மதிலுக்கு நாங்கள் விடியலே செய்யவில்லை.
இரவு மட்டும்தான்.

ஒலிக்கூடத்தில் தாளை வாங்கிப் படித்த போர்ஷிவோய்
கண்ணாடியைக் கழற்றினார்.
"இதற்கப்புறம் நான் விழவேண்டுமா?"

தெரியவில்லை என்றேன்.

மெத்தையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு,
நின்றபடியே பேசினார்.