இடப்பக்கம்

ஸ்டெயின்தோர் வயிற்றில் ஒரு லாடம் இருந்தது.
இரும்பில்லை. கருவிலேயே
கீழ்நுனியில் ஒட்டிக்கொண்ட இரண்டு சிறுநீரகங்கள்.
அறுபத்தெட்டு வருடம் அதைச் சுமந்தபடி
ஸ்காகாஃபியோர்துரில் குதிரை வளர்த்திருக்கிறார்,
தெரியாமலே.

பெட்டைக்குதிரை ஒன்று விலாவில் உதைத்தது.
எலும்பு தப்பியதா என்று பார்த்த ஸ்கேனில்
எலும்புக்கு ஒன்றுமில்லை.
லாடத்துக்குப் பின்னால் பெருந்தமனி
வாத்துமுட்டை அளவு புடைத்திருந்தது.
ஆறு புள்ளி நான்கு சென்டிமீட்டர்.

ரெய்க்யவிக்கில், சனிக்கிழமை, மூன்று மணிக்கே இருட்டு.
ராக்ன்ஹில்துர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
வழிகளை எண்ணுகிறார் என்று நினைத்தேன்.
மறுத்துக்கொண்டிருந்தார்.

தொடையிடுக்கில் ஒரு துளை, ஒரு கம்பி,
மடித்த குழாயை உள்ளே கொண்டுபோய் விரிப்பது.
மறுநாளே எழுந்து நடக்கலாம்.
ஆனால் புடைப்பின் மேலிருந்தே ஒரு கிளை
லாடத்தின் வளைவுக்குப் போகிறது.
குழாய் விரிந்தால் அந்தக் கதவு அடைபடும்.

நெஞ்சுக்குழியிலிருந்து கீழ்வயிறுவரை ஒரே கோடு.
நான் படித்த வழி அதுதான்.
குடலை ஒதுக்கினால் எல்லாம் கண்முன் கிடக்கும்;
இவருக்கு, முதலில் லாடம் கிடக்கும்.

அன்றிரவு படுக்கையருகே நின்று சொன்னார்.
ஸ்டெயின்தோர் படத்தைப் பார்க்கவில்லை.
"எந்தப் பக்கமாக வருவீர்கள்?"
"இடது."
"அப்படியென்றால் சரி.
குதிரையில் ஏறுவதும் அந்தப் பக்கம்தான்.
முன்னால் போய் நின்றால் கடிக்கும்."
பின்னால் போனால் என்று கேட்டேன்.
சட்டையைத் தூக்கிக்
குளம்பின் தடத்தைக் காட்டினார்.

வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தோம்.
மேசையை நடுவில் முறித்ததும்
இடது விலா விசிறியாய்த் திறந்தது.
பத்தாவது எலும்புக்குக் கீழே தொடங்கித்
தொப்புளைப் பார்த்துப் போய், தொடாமல் நின்றது கத்தி.
மூன்று அடுக்குத் தசை.
அதற்கடியில் குடல்களைப் பொதிந்த மெல்லிய பை.
அதைக் கிழிக்கவில்லை.
வீட்டுக்குள் கால்வைக்காமல்
சுவரோரமாகவே நடந்து பின்கட்டுக்குப் போவதுபோல்
விரல்களால் தள்ளித் தள்ளிப் போனார்.
பை முன்னால் சரிந்தது. கூடவே லாடமும்.

தள்ளியதைப் பிடித்திருப்பது என் வேலை.
நான்கு மணி நேரம்
என் இரண்டு கைகளும் அவர் வயிறாக இருந்தன.
உள்ளே எதுவோ அவ்வப்போது நெளிந்தது,
எதுவும் நடக்காததுபோல.

கவ்வி விழுந்தது. யாரோ நேரம் சொன்னார்கள்.
புடைப்பைத் திறந்தபோது ரத்தமில்லை முதலில்,
அடுக்கடுக்காய் உறைந்த பழுப்பு,
கரண்டியால் வழித்தார்.
பிறகு முதுகெலும்புப் பக்கம் இரண்டு துளைகள் பீறிட்டன;
தைத்தார்.
வெள்ளைக் குழாய், மழைக்கோட்டில் வருமே, அதே பாலியெஸ்டர்.
அந்த ஒற்றைக் கிளையைச்
சுற்றியுள்ள சுவரோடு பொத்தான் அளவு வெட்டிப்
பொத்தானாகவே குழாயில் தைத்தார்.
கை நடுங்கியதா என்று பார்த்தேன்.
எனக்குத்தான் நடுங்கியது.

"மெதுவாக விடுகிறேன்."
"எழுபது," என்றார் ஆஸ்முந்துர், மயக்கமருந்துக்காரர். "அறுபத்தைந்து. பொறுங்கள்."
பொறுத்தோம்.
துணிக்கடியில் கைவிட்டுப் பாதங்களைத் தொட்ட செவிலி
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
அப்புறம், "சூடு" என்றாள்.

ஜூனில் வந்தார். இரவு பத்துக்கும் வெயில்.
சட்டையைக் கழற்றி நின்றார்.
தழும்புக்குக் கீழே இடது வயிறு
சோம்பலாக வெளியே சரிந்திருந்தது.
"அது நான்தான்," என்றார் ராக்ன்ஹில்துர்.
"விலாவுக்கடியில் ஒரு நரம்பு ஓடும்.
பார்த்தேன். ஒதுக்கினேன். அப்படியும்."

அவர் குனிந்து கொஞ்சநேரம் பார்த்தார்.
"எந்தச் சேணத்திலும்
ஏறும் பக்கத்து வார் நீண்டுதான் போகும்."

ராக்ன்ஹில்துர் சிரிக்கவில்லை.
கோப்பில் எழுதினார்:
இடப்பக்கம் புடைப்பு. வலி இல்லை. குதிரை ஏறுகிறார்.
கடைசிச் சொற்களை அடிக்கப் போய்,
விட்டுவிட்டார்.