தசமப் புள்ளி

சத்துவாச்சாரியில் கரண்ட் போய்
ஒரு மணி நேரம்.
மூணு வட்டி என்றால் வருஷத்துக்கு 36
என்று டேப்லெட் பலகையில் எழுதுகிறேன்.
"3.6ஆ மிஸ்?"
பேரணாம்பட்டிலிருந்து நஸ்ரின்.

அழித்தேன். மறுபடி புள்ளி.
வெளியேறி உள்ளே வந்தேன்.
பேனா முனை மாற்றினேன்.
உள்ளங்கை படாமல்
கொக்கு மாதிரி கையைத் தூக்கி எழுதினேன்.
செயலியை நீக்கித் திரும்பப் போட்டதில்
பதினோரு பேர் காணோம்.

ஒடுகத்தூர் பரிதிவாணன் மைக்கைத் திறந்தான்:
"நெத்தியத் தொடச்சிக்குங்க மிஸ்,
குனியறப்பல்லாம் சொட்டுது."

கேமரா போட்டிருந்ததே நினைவில்லை.
முந்தானையால் துடைத்தேன்,
முதலில் திரையை.
36 அப்படியே நின்றது.

நேற்றைய நோட்டுகளில் மட்டும்
என் வேர்வை
வட்டியைப் பத்தில் ஒன்றாக்கி வைத்திருக்கிறது.
திருத்தச் சொல்ல வேண்டும்.

நாளைக்கு.